எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற கோச்சி

எங்க அத்தான் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாகப் போகுது. நான் இன்னும் அந்த மனுஷனோட சண்டை போட்டு முடிக்கல. பார்மசியில ஆள் வராத நேரத்துல, பஸ்ஸுக்கு நிக்கிறப்போ, அரிசி களையிறப்போ, வாய்க்குள்ளேயே ஏசிக்கிட்டுத்தான் இருக்கேன். அத்தான்னா எங்க அக்கா புருஷன். எங்க அப்பா மாத்தளையில கட்டின வீட்டை நடுவுல ஒரு செவுரு வச்சு ரெண்டாக்கி, ஒரு பாதி அக்காவுக்கு, ஒரு பாதி எனக்குன்னு குடுத்துட்டுப் போனார். அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் அத்தான் இருமினா எனக்குக் கேக்கும். அதனால வீட்டுக்குள்ள நடந்ததுன்னு நான் சொல்றது எதுவும் யாரோ சொல்லிக் கேட்டதில்ல. கண்ணால பாத்து, வயிறெரிஞ்சு சொல்றது.

அவரால எதையும் சுருக்க முடியாது. அதுதான் அவரோட வியாதி. வேற ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. குடி இல்ல, சிகரெட் இல்ல, யாரையும் கை நீட்டினது இல்ல. ஆனா ஒரு விஷயத்தை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் போகாம விட மாட்டார்.

நான் வேலைக்கு நிக்கிற பார்மசிக்கு ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தார். "எத்தனை வேணும் அத்தான்?"னு கேட்டேன். அவர் உக்குவளையில இருந்து ஆரம்பிச்சார். உக்குவளையில பஸ் ஏறினப்போ ஜன்னல் பக்கத்து சீட்டுத்தான் கிடைச்சுதாம். கண்ணாடி மூடாதாம். காத்து இடது காதுல அடிச்சுதாம். பக்கத்துல இருந்த ஆளுகிட்ட இடம் மாறிக்கலாமான்னு கேட்டாராம், அந்த ஆளு நல்ல மனுஷனாம், அந்த ஆளோட மகன் கலேவெலயில வெங்காயம் போட்டு நட்டப்பட்டவனாம். அவருக்குப் பின்னால சனம் வாசல் வரைக்கும் நிக்குது. முதலாளி என்னை முறைக்கிறார். நான் ஒரு கார்ட் மாத்திரையை அவர் சட்டைப் பைக்குள்ள திணிச்சு, "வீட்டுக்கு வந்து கேக்குறேன், போங்க"ன்னேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால வந்து, விட்ட இடத்துல இருந்து மிச்சத்தையும் சொன்னார். கோபமே இல்ல. நான் கேட்டேனாம், அதனால சொல்றாராம்.

அவர் தேயிலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவர். காலையில பெரட்டுக்களத்துல ஆளுங்களை நிக்க வச்சுப் பேர் கூப்பிடணும். மத்த கணக்கப்பிள்ளைங்க "ராசு, முத்து, செல்லம்மா"ன்னு ஓட்டிருவாங்க. இவர் அப்பா பேரோட சேத்து முழுப் பேரையும் கூப்பிடுவார். மழை கொட்டினாலும் அப்படித்தான். ஆம்பளைங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பாங்களாம். கங்காணி ஒரு நாள் துரைகிட்டயே போய்ச் சொல்லிட்டானாம். ஆனா அவர் செத்த அன்னைக்குத் தோட்டத்துல இருந்து வேன் பிடிச்சு வந்த பொம்பளைங்க, "எங்க முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆளு"ன்னு சொல்லித்தான் அழுதாங்க. கேட்டுக்கிட்டு இருந்த எனக்கு அழுகையும் வந்திச்சு, ஆத்திரமும் வந்திச்சு.

சரி, கோச்சிக்கு வர்றேன். எங்க பக்கம் ரயிலைக் கோச்சின்னுதான் சொல்லுவோம்.

அத்தான் ரிட்டயர் ஆன கையோட, டோஹாவுல வேலை செய்யிற அவங்க மகன் ஒரு பெட்டி அனுப்பினான். அதுக்குள்ள கரண்டுல ஓடுற சின்னக் கோச்சி. கைவிரல் நீளத்துக்கு ஒரு எஞ்சின், மூணு பெட்டி, வளைஞ்ச தண்டவாளத் துண்டுங்க. எல்லாத்தையும் கோத்தா ஒரு வட்டம் வரும். அதுல கோச்சி சுத்திக்கிட்டே இருக்கும். பொழுதுபோக்கா இருக்கட்டும்னு பிள்ளை அனுப்பியிருக்கான். அத்தான் வட்டத்தைக் கோத்தார், ஓட விட்டார், கன்னத்துல கை வச்சுப் பாத்தார்.

"இது எங்க போகுது?"ன்னார்.

"சுத்துது"ன்னேன்.

"அதான் கேக்குறேன், எந்த ஊருக்குப் போகுது?"

"பொம்மைக் கோச்சி எந்த ஊருக்கு அத்தான் போகும்? சும்மா சுத்தும். பாத்துச் சந்தோசப்படுங்க."

"ஏறினவன் ஏறின எடத்துலயே வந்து எறங்குறதுக்கு எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?"

அன்னைக்கு ராத்திரியே மகனுக்குப் போன் போட்டு, வளைஞ்ச தண்டவாளம் போதும், நேர்த் தண்டவாளம் அனுப்புன்னு சொன்னார். அதுவும் எடுத்த எடுப்புல சொன்னாரா? காலையில குடிச்ச தேத்தண்ணியில இருந்து ஆரம்பிச்சு அங்க வந்து சேர்ந்தார். அந்தப் பிள்ளை அப்பாவோட பேசுறப்போ போனை மேசையில வச்சுட்டுச் சமைச்சுச் சாப்பிட்டுக் கோப்பையும் கழுவிருவானாம். என்கிட்ட சொல்லிச் சிரிச்சான். சிரிக்கிறவன் டோஹாவுல இருக்கான். செவுத்துக்கு இந்தப் பக்கம் நான்ல இருக்கேன்.

கண்டியில இருந்து மாத்தளைக்கு வர்ற பாதையை வீட்டுக்குள்ள போடப் போறேன்னு சொன்னார். மாத்தளையோட பாதை முடிஞ்சிரும், அதுக்கு அப்பால தண்டவாளம் கிடையாது. சின்னப் பாதைதானே, பாவம், போட்டுட்டுப் போகட்டும்னு நானும் விட்டுட்டேன். அவரோட ஆசைகள் என்னன்னு போகப் போகத்தான் தெரிஞ்சுது.

வட்டம் கூடாது. போற கோச்சி போய்ச் சேரணும். சேர்ந்த எடத்துல எஞ்சினைக் கழட்டி மறுபக்கம் மாட்டித்தான் திரும்பணும். கோச்சியில இருக்கிறவன் கண்ணுக்கு ஜன்னல்ல என்ன தெரியுமோ அது மட்டும்தான் பாதையோரத்துல இருக்கணும். கண்டியில பெரிய கோயிலைச் செஞ்சு வைக்கலாமேன்னு அக்கா கேட்டா. "கோச்சியில இருந்து தெரியுமா?"ன்னார். முடிஞ்சுது. மகன் பெட்டியில போட்டு அனுப்பின வெளிநாட்டு ஊசியிலைப் பொம்மை மரங்களையெல்லாம் திருப்பிக் கட்டி வச்சுட்டார். வத்தேகமயில ஏது இந்த மரம்? மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுக் காய வச்சு, பழைய மெத்தை ஸ்பொன்ஜைப் பிச்சு, மிளகுக் கொடி சுத்தின மரம் அவரே செஞ்சார். அழகாத்தான் இருந்திச்சு, பொய் சொல்ல மாட்டேன். சீகிரியாவுல ஹோட்டல்ல வேலை செய்யிற என் சிநேகிதி ஒருத்தி வந்து பாத்துட்டு, "ஐயா, மூலையில சீகிரியாக் கல்லை வச்சு, சுத்தி ஒரு வளையம் போட்டு விட்டா எவ்வளவு அழகா இருக்கும்!"னா. அவர் அவளைப் பரிதாபமாப் பாத்தார். "சீகிரியாவுக்குக் கோச்சி போகுதா மகள்?"னு கேட்டார். அவ பாவம், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டா.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆசை ஒண்ணு இருந்திச்சு. ஒரு ஸ்டேஷனையும் விடக் கூடாது. அஸ்கிரிய, மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டைன்னு ஒண்ணு விடாம, நடுவுல உக்கார ஒரு வாங்கும் ஒரு தகரக் கூரையும் மட்டும் இருக்கிற குட்டி ஸ்டேஷனுங்க உட்பட எல்லாம் வேணும். நிசத்துல இருக்கிற தூரத்தை வீட்டுக்குள்ள கொண்டு வர முடியாதுன்னு அவரே ஒத்துக்கிட்டார். அதுவே அவருக்குப் பெரிய துக்கம். "தூரத்தை விட்டுக் குடுத்துட்டேன் புள்ள. ஊரை விட்டுக் குடுக்க மாட்டேன்"னார், ஏதோ காணி வழக்குல பாதியைத் தோத்தவர் மாதிரி.

இப்ப அக்கா கதை. இங்கதான் எனக்கு வயிறு எரியிறது.

அக்காவுக்குச் சொந்தமா ஒரு மொண்டிசோரி நடத்தணும்னு சின்ன வயசுல இருந்தே ஆசை. கல்யாணம், தோட்டம், பிள்ளை, மாமியார்னு எல்லாம் முடிஞ்சு, ஐம்பது தாண்டின பிறகு, சனிக்கிழமை சனிக்கிழமை கண்டிக்குப் போய்ப் படிச்சுச் சேர்டிபிகட் எடுத்தா. சின்னப் பிள்ளைங்களோட பிள்ளையா உக்காந்து காகிதம் வெட்டிப் படிச்சா. எங்க ரோட்டுல தமிழ்ப் பிள்ளைங்களுக்கு ஒரு மொண்டிசோரி கிடையாது. முஸ்லிம் தாய்மாரும், தோட்டத்துல இருந்து டவுனுக்கு வந்து வாடகைக்கு இருக்கிறவங்களும், "எப்ப தொடங்குறீங்க டீச்சர்?"னு வாசல்ல நின்னு கேப்பாங்க. பிள்ளைங்க உக்காரக் குட்டிக் கதிரைங்க வாங்கி அல்மாரி மேல அடுக்கியாச்சு. எழுத்து அட்டை, மரக்கட்டை, பாய் எல்லாம் தயார். இல்லாதது ஒண்ணே ஒண்ணு, இடம். வீட்டுல இருந்த ஒரே பெரிய இடம் முன் ஹோல். அந்த ஹோல்ல கண்டி ஸ்டேஷன் உக்காந்திருக்கு, பெரிய மேசை போட்டு, அசையாம.

அத்தான் மாட்டேன்னு ஒரு நாளும் சொல்லல. அதுதான் கொடுமை. மாட்டேன்னு சொல்லியிருந்தா ரெண்டுல ஒண்ணு பாத்திருப்பேன். "கண்டியில புறப்பட்டு மாத்தளை வரைக்கும் ஒரே ஒரு தடவை முழுசா ஓடட்டும். அடுத்த நாள் மேசையை எடுத்திருவேன். ஹோல் உனக்குத்தான்"னார். சத்தியமா அப்படித்தான் நினைச்சார். அக்காவும் சரின்னுட்டா. ஒரே ஒரு ஓட்டம்தானே.

அந்த ஓட்டத்துக்கு வருஷக்கணக்காச்சு.

எப்படி ஆகாம இருக்கும்? ஒரு ஸ்டேஷன் செய்யிறதுக்கு முன்னால அந்த ஸ்டேஷனுக்கே போயிருவார். கோச்சியில போய் இறங்கி, வாங்குல உக்காந்து, பொழுது சாயும் வரைக்கும் பாத்துட்டு வருவார். யாரு ஏறுறா, எந்தப் பக்கம் நிழல் விழுது, எங்க வெத்திலை துப்பியிருக்கு, எல்லாம் பாக்கணும். தண்டவாளம் டோஹாவுல இருந்து வர்ற ஆளுங்க பையில கொஞ்சம் கொஞ்சமா வரணும். ஹோல் செவுரோரமா ஒரு பலகை அடிச்சு பாதையைக் கொண்டு போனார். ஹோல் முடிஞ்சதும் செவுத்துல ஓட்டை போட்டார். படுக்கையறைக்குள்ள போய், அல்மாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஈர்க்கிலும் அட்டையும் வச்சு கட்டுகஸ்தோட்டைப் பாலம். பாலத்துக்குக் கீழ அக்கா தலகாணி. இன்னொரு ஓட்டை, நடை. அடுத்த ஓட்டை, குசினி. அரிசிப் பீப்பாய்க்கு மேல உக்குவளை. மாத்தளை வீட்டுக்குப் பின்னால, துணி துவைக்கிற பக்கத்து விறாந்தையில வரும்னார். தலகாணி மேல மரத்தூள் விழுதுன்னு அக்கா தலைமாட்டை மறுபக்கம் மாத்திப் படுத்தா. நான் பாத்தேன்.

"நீங்க மாத்தளையில இருந்து ஆரம்பிச்சிருக்கலாமே அத்தான்?"னு கேட்டேன். "மாத்தளை சின்ன ஸ்டேஷன். அதை ஹோல்ல ஓரமா வச்சுட்டு, கண்டியைப் பின் விறாந்தையில வச்சிருந்தா ஹோல் காலி ஆகியிருக்குமே. காலையில முதல் கோச்சி இங்க இருந்துதானே போகுது?"

அவர் யோசிச்சார். அவருக்கு நியாயம் புரிஞ்சுது. புரிஞ்சும், "மைல் கணக்கு கொழும்பு பக்கம் இருந்துதானே வருது புள்ள"ன்னார். அதுக்கு மேல கொழும்புல பாதை போட ஆரம்பிச்ச காலத்துக்குப் போயிட்டார். நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.

கரண்ட் வெட்டு நடந்த காலம் ஒண்ணு வந்திச்சே, மணிக்கணக்கா இருட்டு, காஸ் கிடையாது, பெற்றோலுக்கு ரோடு நீளத்துக்கு வரிசை. அப்பவாவது ஓய்ஞ்சு இருப்பார்னு பாத்தா, எஞ்சினைக் கையால தள்ளிக்கிட்டு நடந்தார். போட்ட பாதை சரியா வருதான்னு பாக்கணுமாம். கையால தள்ளுறப்பவும் அதே வேகம், எல்லா ஸ்டேஷன்லயும் நிப்பு. மெழுகுதிரி வெளிச்சத்துல வயசான மனுஷன் குனிஞ்சு குனிஞ்சு பொம்மையைத் தள்ளிக்கிட்டுப் போறதைப் பாத்து எனக்குச் சிரிப்புத் தாங்கல. அக்கா சிரிக்கல. விறகடுப்புல ஊதிக்கிட்டு இருந்தா.

அதுக்குப் பிறகுதான் அவ முதல் தடவையா வாயைத் திறந்தா. நான் பக்கத்துல தேங்காய் துருவிக்கிட்டு இருந்தேன்.

"என்னங்க, அந்தக் குட்டி ஸ்டேஷனுங்களை மட்டும் விட்டுட்டு வந்திருங்களேன். வத்தேகம, உக்குவளை, மாத்தளைன்னு. ஒரு மாசத்துல முடிஞ்சிரும். பிள்ளைங்களை வேற எடத்துல சேத்துருவாங்களோன்னு பயமா இருக்கு."

அவர் கையில பசை, விரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா கேட்டார்: "அங்க ஏறுறவங்க எப்படிம்மா வருவாங்க?"

நான் துருவலையைக் கீழ வச்சேன். "அங்க ஏறுறதுக்கு ஆளே இல்ல அத்தான்! நீங்க ஒட்டி வச்ச அட்டை மனுஷன் ரெண்டு பேர் நிக்கிறான். அவன் ஏறாட்டி குடியா முழுகிரும்? இங்க ரத்தமும் சதையுமா பிள்ளைங்க வாசல்ல நிக்குதுங்க!"

"அதுவும் சரிதான்"னார். சரிதான்னுட்டு, திரும்பவும் அந்தத் தகரக் கூரைக்குப் பசை தடவினார்.

இவ்வளவு ஏசுறேன். ஆனா ஒண்ணைச் சொல்லாம விட்டா அது என் பக்கம் மட்டும் பேசின மாதிரி ஆயிரும். என் வீட்டுக்காரர் கண்டி ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, வந்தவங்க எல்லாரும் என்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "ஒண்ணுமில்ல, சரியாயிரும்." டொக்டர்மாரும் அவசரத்துல பாதி சொல்லிப் பாதி விட்டுட்டுப் போவாங்க. அத்தான்தான் ஒரு நாள் பூரா அங்க நின்னு, ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு, சாயந்திரம் என்னை வெளியில வாங்குல உக்கார வச்சு, முதல்ல இருந்து சொன்னார். என்ன வியாதி, எங்க தொடங்கிச்சு, எது வரைக்கும் பரவியிருக்கு, இனி என்ன ஆகும், கடைசியில என்ன ஆகும். எதையும் விடல. நான் காதைப் பொத்தினேன். கையை எடுக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, விட்ட எடத்துல இருந்து சொன்னார். அதனால என் மனுஷனோட இருந்த கடைசி நாளுங்களை கடைசின்னு தெரிஞ்சே நான் வாழ்ந்தேன். வேற யாரும் எனக்கு அதைத் தரல. அதுக்காக அவரைக் கும்பிடலாம். அக்காவுக்கு நடந்ததுக்கு அது சமாதானம் ஆகுமா? ஆகாது. எனக்குச் செஞ்சது எனக்கு, அவளுக்குச் செய்யாதது அவளுக்கு.

கரண்ட் வெட்டு நடந்த அந்த வருஷமே பாலர் பள்ளிப் பதிவுக்கு எடம் பாக்க ஆபீஸ்ல இருந்து ஒரு சிங்கள அம்மா, நோனான்னுதான் கூப்பிடுவோம், வந்தாங்க. அக்கா எப்படியோ கெஞ்சி வர வச்சிருந்தா. ஹோல் இன்னும் காலியில்லதான். ஆனா அடுத்த மாசம் காலியாயிரும்னு சொன்னா அவங்க ஒத்துக்குவாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லியிருந்தாங்க. கண்டி மேல வெள்ளை பெட்ஷீட் ஒண்ணை விரிச்சா. ஜன்னலெல்லாம் துடைச்சா. நல்ல சாரியைக் கட்டிக்கிட்டா. நான் பார்மசிக்கு அரை நாள் லீவு போட்டுட்டு வந்து அத்தான்கிட்ட சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்: "அத்தான், ஒரே வார்த்தை. அடுத்த மாசம். அவ்வளவுதான். வேற எதையும் பேசாதீங்க."

நோனா நல்லவங்க. குட்டிக் கதிரையைத் தொட்டுப் பாத்துச் சிரிச்சாங்க, எழுத்து அட்டையைப் பாத்து அக்காவை மெச்சினாங்க. கக்கூஸ் பாத்தாங்க, தண்ணி பாத்தாங்க. எல்லாம் சரி. கடைசியா பெட்ஷீட்டைப் பாத்து, "இது என்ன மாத்தயா, இதை எப்ப எடுப்பீங்க?"ன்னு சிங்களத்துல மரியாதையாத்தான் கேட்டாங்க.

அக்கா என்னைப் பாத்தா. நான் அத்தானைப் பாத்தேன்.

அவர் பெட்ஷீட்டைத் தூக்கினார். "இது கண்டி"ன்னார். அவர் சிங்களம் ரொம்ப நல்லா இருக்கும், அது வேற. இது கண்டி, இதுதான் முதல் பிளாட்போம், அடுத்தது அஸ்கிரிய. நோனாவுக்கு முதல்ல ஆசையாத்தான் இருந்திச்சு. சின்னப் பிள்ளை மாதிரி குனிஞ்சு பாத்தாங்க. படுக்கையறை வரைக்கும் அவர் பின்னாலேயே போனாங்க. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல கைக்கடிகாரத்தைப் பாத்தாங்க. வத்தேகமயில இன்னொரு தடவை பாத்தாங்க. அவங்களுக்கு இன்னும் ரெண்டு எடம் போக வேண்டியிருக்கு. நான் பின்னால நின்னு அத்தான் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறேன், அந்த மனுஷன் திரும்பினாத்தானே! நடையில வச்சு நோனா கேட்டாங்க, "சரி மாத்தயா, எப்ப முடியும்? அடுத்த மாசம்?"

அவங்களே வார்த்தையை எடுத்துக் கையில குடுத்தாங்க. ஆமான்னு தலையாட்டினாப் போதும்.

"தெரியாது நோனா"ன்னார். "இன்னும் எல்வல பாக்கி இருக்கு, அதுக்கு முன்னால..."

அக்கா ஊத்தி வச்ச தேத்தண்ணியை அவங்க குடிக்கக் கூட நேரமில்ல. போறப்போ அக்கா கையைப் பிடிச்சு, "ஹோல் காலியானதும் சொல்லி அனுப்புங்க மிஸ்"னுட்டுப் போனாங்க. அவங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல.

அன்னைக்கு நான் கத்தின கத்துல ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. "ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"எப்ப முடியும்னு எனக்குத் தெரியாதே புள்ள. தெரியாததை எப்படிச் சொல்றது?"

"பொண்டாட்டிக்காக ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிருமா?"

அவர் அக்காவைப் பாத்தார். அக்கா நோனாவோட தேத்தண்ணியைத் திரும்பக் கேத்தல்ல ஊத்திக்கிட்டு இருந்தா. "விடுடி. அவர் இப்படித்தான்னு எனக்குத் தெரியாதா"ன்னா. அந்தக் குரல்ல கோபம் இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

அடுத்த தை மாசம், புது வருஷ வகுப்பு தொடங்குறப்போ, அக்கா தம்புள்ளைக்குப் போக ஆரம்பிச்சா. அங்க மரக்கறிச் சந்தைப் பக்கம் ஒருத்தங்க மொண்டிசோரி தொடங்கியிருந்தாங்க. சந்தையில வியாபாரம் பண்றவங்க, மூட்டை தூக்குறவங்க பிள்ளைங்களுக்குன்னு. தமிழ் டீச்சர் தேவைப்பட்டுச்சு. விடியக்காலையில எழும்பிச் சமைச்சு வச்சுட்டு, மாத்தளையில பஸ் ஏறி, லொறிகளுக்கு நடுவுல மாட்டி, பொழுது சாய வந்து சேருவா. கால் வீங்கியிருக்கும். நான் எண்ணெய் தடவி விடுவேன். தடவிக்கிட்டே ஏசுவேன். அவ கண்ணை மூடிக்கிட்டு அங்க நடந்ததைச் சொல்லுவா. ஒருத்தன் மதியம் தூங்குறதுக்கு அவ சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவானாம். ஒருத்தி வாயைத் திறக்கவே மாட்டாளாம், நேத்து முதல் தடவையா "டீச்சர்"னாளாம். சொல்றப்போ அவ முகம் வேற மாதிரி இருக்கும். மாசம் போகப் போக அவ ஹோலைப் பத்திப் பேசுறதை விட்டுட்டா. நான்தான் அதைக் கவனிச்சேன். அத்தான் கவனிக்கல. அவருக்கு எல்வலயில ஒரு வளைவு சரியா வரல.

அவர் வேகத்தைக் கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. ஆனா காலையில அக்காவோட பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து போய், பஸ் கிளம்புற வரைக்கும் நின்னுட்டு வருவார். பெரிய ரோட்டாலதான் போவாங்க. குறுக்குச் சந்தால போனா பாதி தூரம். அக்கா வீங்கின காலோட அவருக்காக அந்தப் பெரிய ரோட்டால நடந்தா. இதைப் பாசம்னு சொல்றதா, பைத்தியம்னு சொல்றதான்னு எனக்கு இன்னைக்கும் தெரியல.

பாதை ஒரு ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது.

செவுத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசியிருந்தார். அக்கா திங்கக்கிழமைக்காகப் பிள்ளைங்களுக்குக் கலர் அட்டையில மீன் வெட்டிக்கிட்டு இருந்தா. கத்திரிக்கோலோடயே எழும்பி வந்தா. அத்தான் கண்ட்ரோல் பெட்டியைக் கையில பிடிச்சு, நீட்டு வயரை இழுத்துக்கிட்டு, கண்டியில சுவிட்சைப் போட்டார்.

கோச்சி கிளம்பிச்சு. நாங்க மூணு பேரும் பின்னால நடந்தோம். அஸ்கிரியவுல நின்னுச்சு. மஹய்யாவவுல நின்னுச்சு. செவுத்து ஓட்டைக்குள்ள போய் மறைஞ்சுது, நாங்க சுத்திக்கிட்டு படுக்கையறைக்குப் போறப்போ பாலத்துல வந்துக்கிட்டு இருந்திச்சு. அட்டை மனுஷன் ரெண்டு பேர் நிக்கிற எடங்கள்ல எல்லாம் நின்னு, ஏத்திக்கிட்டுப் போற மாதிரி கொஞ்சம் பொறுத்து, கிளம்பிச்சு. நான் ஆத்திரத்தோடதான் வந்தேன். ஆனா உக்குவளையில அந்த அரிசிப் பீப்பாய்க்கு மேல, மிளகு மரத்துக்கு நடுவுல அது வளைஞ்சு வந்தப்போ, சத்தியமா, நான் ஜன்னல் சீட்டுல இருக்கிற மாதிரி இருந்திச்சு. சின்னதுல அப்பாவோட கண்டிக்குப் போய் வந்தது ஞாபகம் வந்திச்சு. அந்த மனுஷன்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணல.

பின் விறாந்தையில, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல, மாத்தளை. கோச்சி மெதுவா உள்ள வந்து, பாதை முடியிற கட்டைக்கு முன்னால நின்னுச்சு. ஒரு தடவை கூடத் தடம் புரளல. அத்தான் நெத்தியில வேர்வை. எங்க ரெண்டு பேரையும் பாத்து, பிள்ளை மாதிரி சிரிச்சார்.

"வந்திருச்சு"ன்னார். அப்புறம் அக்காவைப் பாத்துச் சொன்னார்: "நாளைக்குக் காலையில கண்டி மேசையை எடுத்திருவேன். ஓட்டையெல்லாம் அடைச்சு, பெயின்ட் அடிச்சு, தை மாசத்துக்கு முன்னால ரெடி பண்ணித் தர்றேன். நோனாவுக்கு நானே போய்ச் சொல்றேன். ஹோல் இனிமே உனக்கு."

அக்கா கத்திரிக்கோலை ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்தினா. கோச்சியைப் பாத்துக்கிட்டே பேசினா.

"வேணாங்க. எனக்கு அங்க பிள்ளைங்க இருக்காங்க. அதுங்களை விட்டுட்டு இனி நான் வர மாட்டேன். மேசை அங்கேயே இருக்கட்டும். நல்லா இருக்குங்க, உங்க கோச்சி. நிசமாவே நல்லா இருக்கு."

ஏசின மாதிரி சொல்லல. பழி வாங்குற மாதிரியும் சொல்லல. உப்புப் போதும்னு சொல்ற மாதிரி சொன்னா.

நான் அத்தானைப் பாத்தேன். இப்ப ஆரம்பிப்பார்னு நினைச்சேன். டோஹாவுல இருந்து வந்த முதல் பெட்டியில தொடங்கி, கண்டி மேசைக்குப் பலகை வாங்கினது, நோனா வந்தது, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தது, எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லி, கடைசியில ஒரு கேள்வியோ ஒரு மன்னிப்போ வந்து சேரும்னு காத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு ஒரு நாள் எனக்கு அவசரம் இல்ல.

"சரி"ன்னார்.

அவ்வளவுதான். குனிஞ்சு எஞ்சினைக் கழட்டினார். அக்கா உள்ள போய் மிச்ச மீனுங்களை வெட்ட உக்காந்தா. எனக்கு அந்த மனுஷனைத் தோளைப் பிடிச்சு உலுக்கி, பேசுங்க அத்தான், முதல்ல இருந்து சொல்லுங்க, எவ்வளவு நேரமானாலும் நான் நின்னு கேக்குறேன்னு கத்தணும் போல இருந்திச்சு. அவர் எஞ்சினை மறுபக்கம் மாட்டிட்டு, அப்படியே அதைப் பாத்துக்கிட்டு நின்னார். சுவிட்சைப் போடவே இல்ல.